அலாயோனும் நம் மகமையும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் நடுவே செபு என்றொரு தீவு உண்டு. அந்தத் தீவிலும், பக்கத்திலுள்ள போஹோல் தீவிலும், தெற்கே மிந்தனாவோவின் பெரும் பகுதியிலும் மக்கள் பேசுவது செபுவானோ மொழி. மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் அந்த மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மாணவர்கள் மருத்துவம் படிக்கப் போகிற தாவோ நகரம் அந்த மொழி வழங்கும் ஊர்தான். கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில். கடைத்தெருவில் காய்கறி வாங்கவும், வார்டில் நோயாளியிடம் பேசவும் செபுவானோ வேண்டும். அதனால் பிள்ளைகள் நாலு வார்த்தையாவது கற்றுக்கொண்டுதான் விடுமுறைக்கு ஊர் வருகிறார்கள். அவர்கள் போவதற்கு வெகுகாலம் முன்பே நம் சொல் ஒன்று அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். மாம்பழத்துக்கு அங்கே 'மங்கா' என்று பெயர். நம் மாங்காய்தான் மலாய் மொழி வழியாக அங்கே போய் அப்படி ஆயிற்று என்கிறார்கள் மொழி அறிந்தவர்கள். செபுவின் உலர்ந்த மாம்பழத் துண்டு இன்று வெளிநாட்டுச் சந்தையில் பேர்போன சரக்கு.

மாங்காயைக் கொடுத்ததற்கு ஈடாக அங்கிருந்து ஒரு சொல்லை நாம் வாங்கிக்கொள்வோம். 'அலாயோன்' என்பது அந்தச் சொல்.

செபுவானோவில் உதவி என்பதற்கு 'தாபாங்' என்பார்கள். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது 'தினாபங்காய்'. இவை பொதுச் சொற்கள். அலாயோன் அப்படியல்ல, அது ஒரு ஏற்பாட்டின் பெயர். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். இன்று ஒருவர் நிலத்தில் எல்லோரும் இறங்கி வேலை செய்வார்கள். அடுத்த நாள் அடுத்தவர் நிலம். கூலி கிடையாது. யார் நிலத்தில் வேலையோ அவர் வீட்டில் சாப்பாடு. இப்படி முறைவைத்துச் சுற்றி வரும். அண்டை வீட்டார் மேல் இரக்கப்பட்டுச் செய்கிற உபகாரம் இதில் இல்லை. இன்று நான் கொடுக்கும் ஒரு நாள் உழைப்பு, என் முறை வரும்போது எனக்குத் திரும்பி வரும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. கணக்கு இருப்பதால்தான் ஏழைக் குடியானவனும் தலைகுனியாமல் அதில் சேர முடிகிறது.

பிலிப்பைன்ஸ் என்றாலே வெளியுலகத்தார் எடுத்துச் சொல்வது 'பயானிஹான்' என்ற தகாலோகு மொழிச் சொல்லை. மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டிய வீட்டை அப்படியே மூங்கில் கழிகளில் தூக்கி, ஊரார் இருபது முப்பது பேர் தோள் கொடுத்து வேறிடத்துக்குக் கொண்டு போவார்களே, அந்தப் படம் பலர் பார்த்திருக்கக்கூடும். 2020ல் கொரோனா நோய் பரவியபோது அந்நாட்டு அரசு கொண்டு வந்த அவசரச் சட்டத்துக்கே பயானிஹான் என்று பெயர் சூட்டினார்கள். பெரிய சொல்லாகிவிட்டது, மேடையில் முழங்கத் தோதான சொல். நமக்கென்னவோ, மேடையேறாத அலாயோன்தான் கடைக்காரர்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதில் முறை இருக்கிறது, வரிசை இருக்கிறது, யார் வந்தார் யார் வரவில்லை என்ற பதிவு இருக்கிறது.

இந்தப் பழஞ்சொல் எப்படிப் புதுக் காரியத்துக்கு உதவியது என்பதற்கு ஓர் உதாரணம். செபு தீவின் மலைச் சரிவுகளில் மழைக்கு மேல்மண் அடித்துக்கொண்டு போய், சோளம் விளைவதும் குறைந்து போயிருந்தது. 1980களில் சில தொண்டு நிறுவனத்தார் அங்கே போய், சரிவுக்குக் குறுக்கே வரப்பும் கல் கட்டும் வாய்க்காலும் அமைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் தனியாகச் செய்து தீருகிற வேலையா அது? கூலி கொடுக்கவும் வழியில்லை. அப்போது கைகொடுத்தது அலாயோன்தான். குழு குழுவாகச் சேர்ந்து, வாரத்துக்கு ஒருவர் நிலம் என்று முறைவைத்து வேலையை முடித்தார்கள். புதிதாக அமைப்பு எதையும் உண்டாக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருந்தது; அதற்குள் விதிகளும் இருந்தன.

நம்மிடம் அப்படி ஒரு சொல் உண்டா?

நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒருவருக்கொருவர் ஆள் மாற்றிக்கொள்வதை நம் பக்கத்துக் கிராமத்தார் அறிவார்கள். கடைத்தெருவில் கைமாற்று உண்டு. காலையில் பக்கத்துக் கடையில் வாங்கிய ஐயாயிரத்தை மாலையில் கல்லா எண்ணும் முன்பு திருப்பிக் கொடுப்போம். சீட்டு எழுதுவதில்லை, வட்டியுமில்லை. ஆனால் இவையெல்லாம் இருவருக்கிடையே நடப்பவை. வியாபாரிகள் அனைவரும் சேர்ந்து, வியாபாரத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு பங்கை ஒதுக்கி, அதைப் பொதுக் காரியத்துக்கு வைப்பதற்கு நம்மிடம் உள்ள சொல் மகமை.

மகமை என்றதும் இளைய உறுப்பினர்கள் சிலர், பழைய விலைச் சிட்டைகளில் அடியில் எழுதியிருக்கும் ஒரு சில்லறைத் தொகை என்று மட்டுமே நினைப்பார்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக்கூலி, தரகு, அப்புறம் மகமை என்று ஒரு வரி. மூட்டைக்கு இத்தனை காசு. அந்த ஒரு வரியில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன, கிணறுகள் வெட்டப்பட்டன, கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

பேட்டையில் தொடங்கிய கதை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுப் பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். வழியெல்லாம் கள்வர் பயம். இரவில் தங்க இடமில்லை. அந்தக் காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டில் அவர்களுக்குத் திண்ணை கொடுப்பாரும் இல்லை. எனவே தாங்களே சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே கிணறும் சரக்குக் கொட்டகையும் வண்டி மாடு கட்ட இடமும் அமைத்துக்கொண்டார்கள். அதுதான் பேட்டை. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இப்படிப் பேட்டைகளைச் சுற்றி வியாபாரம் வளர்ந்தது. விருதுபட்டிதான் 1923ல் விருதுநகர் என்று பெயர் மாறிய ஊர்.

பேட்டையைப் பராமரிக்கப் பணம் வேண்டும். காவலாளுக்குச் சம்பளம், கிணற்றுக்குக் கயிறு, கொட்டகைக்குக் கூரை. பேட்டையைப் பயன்படுத்துகிறவர்கள் தத்தம் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அதுவே மகமை. நாளாவட்டத்தில் பேட்டைச் செலவு போகவும் பணம் மிஞ்சிற்று. மிஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஊர்ப் பொதுவில் வைத்தார்கள். அதை நிர்வகித்தது உறவின்முறை என்னும் ஊர்ச் சபை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரியும் உண்டு. நிர்வாகம் ஒரே கையில் தங்கிவிடாமல் முறைகாரர்கள் பொறுப்பேற்றார்கள். பெயரிலேயே முறை இருக்கிறது பாருங்கள். அலாயோனில் உழைப்பு முறைவைத்துச் சுற்றுகிறது என்றால் இங்கே பொறுப்பு சுற்றியது.

விருதுநகரில் இந்தப் பொதுப் பணத்தால் எழுந்ததே சத்திரிய வித்தியாசாலை. அந்தப் பள்ளிக்கு வீடுதோறும் பிடி அரிசியும் எடுத்து வைத்தார்கள். தினமும் உலையில் இடும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது; பள்ளிக்கூடத்து ஆள் வந்து வாங்கிப் போவது. விற்றுவரும் பணம் பள்ளிக்கு. 1903ல் அதே ஊரில் கடைக்காரர் வீட்டில் பிறந்த காமராசர் படித்தது அங்கேதான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று துணிக்கடைக்கு வேலைக்குப் போனவர், பின்னாளில் முதலமைச்சராகிப் பள்ளியில் மதிய உணவு போட்டார் என்பதை யாவரும் அறிவோம். பிடி அரிசிப் பள்ளிக்கும் மதிய உணவுக்கும் முடிச்சுப் போட நமக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

விருதுநகரில் பெரிதாக ஒன்றும் விளைவதில்லை. ஆனாலும் மல்லி, வற்றல், பருப்பு, எண்ணெய் விலைக்கு அந்த ஊர்ச் சந்தை நிலவரத்தைப் பார்க்கிறோம். வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து இருந்ததால் வந்த பலம் அது. அதே சமூகத்தார் 1921ல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்று நம் ஊர்களிலும் கிளை வைத்திருக்கிறது.

மகமை அந்த ஒரு சமூகத்துக்கே உரியது என்று யாரும் எண்ண வேண்டாம். பழநியில் 17ஆம் நூற்றாண்டில் உப்பு வாணிபம் செய்த நகரத்தார், லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு எழுதி வைத்ததற்கு ஓலை ஆவணம் உண்டு. பிற்காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்தபோதும் கணக்குப் புத்தகத்தில் மகமை என்று தனிப் பற்று வைத்தார்கள். நம் அருணாசலேசுவரர் கோயிலில் நடந்த நகரத்தார் திருப்பணியை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். தென்கரையில் பள்ளிவாசலுக்கு மகமை கொடுத்த முஸ்லிம் வணிகர் ஊர்களும், மீன் பாட்டில் மாதா கோயிலுக்குப் பங்கு ஒதுக்கும் கடலோர ஊர்களும் உண்டு.

இன்னும் பின்னே போனால் கல்வெட்டே இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் பிரான்மலைக் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைச் சேர்ந்த பல ஊர் வியாபாரிகள் கூடி, கோயிலுக்காகச் சரக்குவாரியாக ஒரு தொகையைத் தாங்களே விதித்துக்கொண்டதைக் காணலாம். இதற்குப் பட்டணப் பகுடி என்று பெயர். சரக்குப் பட்டியலைப் படித்தால் நம் கடை அலமாரி போலவே இருக்கிறது: உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம். அரசன் போட்ட வரியல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. வியாபாரிகள் தாங்களாகக் கூடிப் பேசிப் போட்டுக்கொண்டது. இதே ஐந்நூற்றுவர் 1088ல் கடல் கடந்து சுமத்திரா தீவின் பாரூசு என்னும் கற்பூரத் துறைமுகத்துப் பக்கம் தமிழிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் வந்திறங்கும் கப்பல்காரர் கொடுக்க வேண்டிய தொகையைப் பற்றியதே. செபுவிலிருந்து சொல் வாங்குகிறோம் என்று தொடங்கினோம். அந்தக் கடல் பக்கம் நம் கணக்குப் புத்தகம் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே போயிருக்கிறது.

நன்கொடை வேறு, மகமை வேறு

இப்போது நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வருவோம். சின்னக்கடைத் தெருவிலோ தேரடித் தெருவிலோ ஒரு மளிகைக் கடை கல்லாவில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்குக் குறைவே இருக்காது. தெருமுனைப் பிள்ளையாருக்கு, ஆடிக் கூழுக்கு, கிரிவலத்து அன்னதானத்துக்கு, நலிந்தோர் மருத்துவத்துக்கு, கட்சி மாநாட்டுக்கு. ஐம்பது, நூறு, ஐந்நூறு. சிலதை மனமுவந்து கொடுக்கிறோம், சிலதை வாயை அடைக்கக் கொடுக்கிறோம். வருடம் முடிந்து கூட்டிப் பார்த்தால் தொகை சிறிதல்ல. ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட, கடைக்காரர் ஒருவருக்கே ஆபத்து வருகிறபோது திரும்பி வருவதில்லை.

நன்கொடைக்கும் மகமைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நன்கொடையில் கேட்கிறவரின் சாமர்த்தியமும் கொடுக்கிறவரின் அன்றைய மனநிலையுமே அளவு. மகமைக்குச் சரக்கே அளவு. நூறு மூட்டை இறக்குகிறவருக்கு நூறு பங்கு, பத்து மூட்டைக்காரருக்குப் பத்துப் பங்கு. முன்கூட்டியே எல்லோரும் கூடி நிர்ணயித்தது. யாரும் கடை வாசலில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை. கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதிலிருந்து உதவி பெறுகிறவர் கையேந்துகிறவர் அல்ல. அவரும் மூட்டைக்கு மூட்டை கொடுத்தவர்தான். அலாயோன் குழுவில் தன் முறைக்காகக் காத்திருக்கும் குடியானவரின் நிலைதான் அவருக்கும்.

ஆபத்து என்றால் என்ன ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, பெஞ்சல் புயல் மழையில் நம் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். பிஞ்சுக் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்த மாதம் 13ஆம் தேதி தீபம் ஏற்றப்பட்டபோது, மண்சரிவு அபாயத்தால் பக்தர்களை மலையேற விடவில்லை. உயிரிழப்பின் முன்னே வியாபார நட்டம் பேசுவது அழகல்ல. ஆயினும் அப்படியொரு மழையில் தாழ்வான தெருவில் உள்ள கடைக்குள் தண்ணீர் புகுந்தால், தரையில் அடுக்கிய சர்க்கரையும் மாவும் பருப்பும் என்ன ஆகும் என்று நமக்கு விளக்க வேண்டாம். தீபத்துக்குக் கடனில் சரக்குப் பிடித்திருக்கும் நேரம் வேறு. பெரிய அங்காடிக்காரருக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஒரு கிளையில் போனது இன்னொரு கிளையில் வந்துவிடும். ஒற்றைக் கடைக்காரர் அந்த வாரமே மொத்த வியாபாரிக்குச் சரக்குப் பாக்கி கொடுக்க வேண்டும். கந்து வட்டிக்காரரிடம் அவர் போகிறார். அங்கே போனவர் மீண்டு வந்து கடை திறப்பது அபூர்வம்.

செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே அரிசி பருப்பு வருகிற காலம் இது. நம் போட்டி எதிர்க் கடைக்காரரோடு இல்லை என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

கணக்குக்காக ஒன்று சொல்கிறோம். ஒரு தெருவில் 60 கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு மாதம் சராசரி 100 மூட்டை இறங்குகிறது. மூட்டைக்கு ரூ. 2 மகமை என்றால் கடைக்கு மாதம் ரூ. 200. இரண்டு ரசீதுக்காரர்களுக்குக் கொடுப்பதுதான். தெருவுக்கு மாதம் ரூ. 12,000, வருடத்துக்கு ரூ. 1,44,000. ஐந்து வருடத்தில் வட்டி சேர்க்காமலே ரூ. 7,20,000. ஒரு கடை நனைந்தால் வட்டியில்லாமல் இரண்டு லட்சம் கொடுத்துத் தவணையில் திரும்ப வாங்க இது போதும். மிஞ்சியதைக் கொண்டு, விளைச்சல் நேரத்தில் பத்துக் கடைக்குச் சேர்த்து ஒரே லாரியில் வற்றலோ புளியோ பிடிக்கவும் முடியும்.

குறைகளையும் பேசிவிடுவோம்

மகமையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அரைக் கணக்குதான். முதல் குறை, அது சாதிக்குள் அடங்கியிருந்தது. அது பிறந்த சூழ்நிலை அப்படி. கோயிலுக்குள் விடாத, தெருவில் நடக்க விடாத காலத்தில், 1899ல் சிவகாசியில் வீடுகள் எரிந்த காலத்தில், தம்மைத் தாமே காத்துக்கொள்ள அந்தச் சமூகத்தார் உண்டாக்கியது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் கடைத்தெருவில் இன்று எல்லாச் சமூகத்தாரும் எல்லா மதத்தாரும் அடுத்தடுத்த கடையில் இருக்கிறோம். மழைத் தண்ணீர் யார் கடை என்று பார்த்து உள்ளே வருவதில்லை. ஆகவே தெரு அடிப்படையில், சரக்கு அடிப்படையில்தான் இனி மகமை இருக்க முடியும். நம் மலையிலேயே பாருங்கள், தீபக் கொப்பரையையும் திரியையும் மேலே கொண்டு போய் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. கொப்பரையில் எரியும் நெய்யோ எங்கெங்கிருந்தோ யார் யாரோ காணிக்கை கொடுத்தது.

இரண்டாவது குறை கணக்கைப் பற்றியது. மகமைப் பணம் வைத்திருந்தவர் சொந்த வியாபாரத்தில் அதைச் சுழற்றி, பின்னர் ஊரே இரண்டுபட்ட கதைகள் பல ஊர்களில் உண்டு. சொந்தக் கல்லாவும் பொதுக் கல்லாவும் ஒரே பெட்டியில் இருந்தால் நல்ல மனிதருக்கும் கை தவறும்.

மூன்றாவது, மகமையை யார் சுமப்பது என்பது. வியாபாரி தன் லாபத்திலிருந்து ஒதுக்குகிறாரா, அல்லது பில்லில் எழுதி வாங்குகிறவர் தலையில் வைக்கிறாரா? பழைய நாளில் இரண்டும் நடந்தது. சில்லறைக் கடை வாடிக்கையாளரிடம் இதை வாங்குவது இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்பதே நம் கருத்து. மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் ஆளுக்குப் பாதியாக ஏற்பது நியாயமாக இருக்கும்.

வரி சம்பந்தமாகவும் உறுப்பினர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வடநாட்டில் இதே வழக்கத்துக்குத் தர்மாதா என்று பெயர். விற்பனைச் சிட்டையில் தர்மாதா என்று தனியாக எழுதி வாங்கிய பணம் வியாபாரியின் வருமானமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிஜ்லி காட்டன் மில்ஸ் என்ற நூலாலை வழக்கில் தீர்ப்பு வந்தது. தர்ம காரியத்துக்கென்றே வாங்கி, தனிக் கணக்கில் வைத்து, அதற்கே செலவழிக்கும் பணம் வியாபாரியின் வருமானம் ஆகாது என்றார்கள். கலால் வரிக்காகச் சரக்கின் மதிப்பில் தர்மாதாவைச் சேர்க்க வேண்டுமா என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்து, டி.ஜே. மால்பானி என்ற புகையிலை நிறுவனத்தின் வழக்கில் 2019ல் சேர்க்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. இரண்டு வழக்கிலும் வியாபாரிகளைக் காப்பாற்றியது தனியாக எழுதி வைத்த கணக்குதான். நம் திட்டத்தில் கடைக்காரருக்கே உதவி போவதால் அது தர்மக் கணக்கில் எவ்வளவு தூரம் சேரும், ஜி.எஸ்.டி. பில்லில் எப்படிக் காட்டுவது என்பவற்றை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவதே புத்திசாலித்தனம். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமாக இருந்தால், ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்குழுவில் வைக்கும் கடமையும் கூடவே வந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்கு: ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். செபு மலையில் சிறு குழுக்களாகத்தான் தொடங்கினார்கள். அடுத்த கடைக்காரரின் முகமும் நாணயமும் தெரிந்த அளவில் குழு இருந்தால் போதும். ஒரு தெரு, அல்லது ஒரு மண்டியில் சரக்கெடுக்கும் பதினைந்து கடை. வங்கியில் தனிக் கணக்கு, மூவர் கையெழுத்து. முறைகாரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், கடை வரிசைப்படியே மாற வேண்டும். தேர்தல் வைத்தால் அதிலேயே கோஷ்டி வந்துவிடும். வரவும் செலவும் மாதம் முதல் தேதியன்று ஒரு தாளில் எழுதி, தெருவில் எல்லோரும் தேநீர் குடிக்க நிற்கும் கடையில் ஒட்டிவிடலாம். மூட்டைக்கு ரூ. 2 என்று நாம் எழுதியது கணக்குப் புரிவதற்காக. ஒன்றா, இரண்டா, சர்க்கரை மூட்டைக்கும் வற்றல் மூட்டைக்கும் ஒரே விகிதமா என்பதையெல்லாம் அந்தந்தத் தெருக்காரர்கள் கூடி உட்கார்ந்துதான் பேசி முடிக்க வேண்டும்.